பெஞ்சில் அமர்ந்திருப்பவருக்கு எத்தனை வாய்ப்பு? தினேஷ் கார்த்திக் கதை சொல்லும் கணக்கு

ஜார்ஜ்டவுன் – வார இறுதியில் நகரத் திடலுக்குப் போனாலும் சரி, செபராங் பிறையில் இன்னும் மிச்சமிருக்கும் தோட்டத்துத் திடலுக்குப் போனாலும் சரி, ஒரு காட்சி மாறாது. பதினோரு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். கோட்டுக்கு வெளியே நாலைந்து பேர் காலணி மாட்டி, சட்டையை உள்ளே செருகி, பயிற்றுநரின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அவர்களில் ஒருவருக்கு அழைப்பு வரும். உள்ளே போவார். முதல் பந்தைத் தவறவிடுவார். "இவனை ஏன் இறக்கினார்கள்?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் எழும்.

அடுத்த வாரம் அந்தப் பையன் மறுபடியும் பெஞ்சில். அதற்கடுத்த வாரம் பயிற்சிக்கே வருவதில்லை.

தடுமாறும் மாற்று ஆட்டக்காரரிடம் எவ்வளவு காலம் பொறுமை காட்டலாம்? எல்லா விளையாட்டிலும், எல்லா நாட்டிலும் எழும் கேள்விதான் இது. இதற்குத் தமிழர் அறிந்த மிகப் பெரிய எடுத்துக்காட்டு, சென்னையில் பிறந்த விக்கெட் காப்பாளர் தினேஷ் கார்த்திக். 2004-இல் இந்திய அணிக்குள் நுழைந்து 2024-இல் ஓய்வு பெற்றவர். அந்த 20 ஆண்டுகளில் எத்தனை முறை நீக்கப்பட்டார், எத்தனை முறை திரும்பினார் என்று விரல்விட்டு எண்ணப் பார்த்தால் கைவிரல்கள் போதாமல் போகலாம்.

முன்னால் வந்தவர், பின்னால் நின்றவர்

2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் கார்த்திக் அறிமுகமானார். வயது 19. மைக்கல் வானை அவர் ஸ்டம்பிங் செய்த விதம் அன்றே பேசப்பட்டது. நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அதன்பின் டிசம்பரில் வங்காளதேசத்தில் இன்னொரு விக்கெட் காப்பாளர் ஒருநாள் அணிக்கு வந்தார். பெயர் மகேந்திர சிங் டோனி.

கார்த்திக் தொடர்ந்து டெஸ்ட் ஆடினார், மட்டை பேசவில்லை. 2005 டிசம்பரில் அவர் இடத்தில் டோனி தமது முதல் டெஸ்டை ஆடினார். அந்த ஆட்டம் நடந்த இடம் சேப்பாக்கம், கார்த்திக்கின் சொந்த மண். இதைவிடக் கசப்பான ஒரு மாற்றத்தை எழுதிவைத்தாலும் அமையாது.

அன்றிலிருந்து அவர் நிலைமை எளிமையானது, கொடுமையானதும்கூட. ஓர் அணியில் ஐந்து பந்துவீச்சாளர்களுக்கு இடம் உண்டு. விக்கெட் காப்பாளருக்கு ஒரே இடம். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அணித்தலைவராகவும் ஆகிவிட்டால், காத்திருப்பவர் வேறு கதவைத்தான் தேட வேண்டும்.

கார்த்திக் தேடினார். 2006 டிசம்பர் 1, ஜோகன்னஸ்பர்க்: இந்தியா ஆடிய முதல் அனைத்துலக டி20 ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 31 ஓட்டங்கள் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். 2007-இல் தொடக்க ஆட்டக்காரராக மாறினார். அந்த ஆண்டு மீர்ப்பூரில் வங்காளதேசத்துக்கு எதிராக 129. அவருடைய ஒரே டெஸ்ட் சதம் அது. அதே ஆண்டு இங்கிலாந்தில் இந்தியா 1-0 என்று தொடரை வென்றபோது, டெண்டுல்கரும் டிராவிட்டும் கங்குலியும் இருந்த அணியில் அதிக ஓட்டங்கள் எடுத்தவர் இவர்தான்: 263.

அதற்குப் பிறகும் இடம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரியில் ஒரு டெஸ்ட். அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில், ஆப்கானிஸ்தானுக்கு எதிராக. இடையில் இந்தியா 87 டெஸ்ட் ஆட்டங்களை அவரில்லாமல் ஆடி முடித்திருந்தது.

கொழும்பில் எட்டுப் பந்து

2018 மார்ச் 18, கொழும்பு பிரேமதாசா மைதானம். நிதாஹாஸ் கிண்ண இறுதியாட்டம். வங்காளதேசம் 166 எடுத்திருந்தது. வாட்ஸ்அப்பில் அந்தக் கடைசி சிக்சரைப் பார்த்தவர்கள் பலர்; அதற்கு முன் நடந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. பொறுமை பற்றிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

அன்று களத்தில் இரண்டு தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள், இருவரும் பெஞ்சின் விளிம்பில் இருந்தவர்கள். கார்த்திக்குக்கு முன்பே இறக்கப்பட்டவர் விஜய் சங்கர், அனைத்துலக அரங்குக்குப் புதியவர். முஸ்தபிசுர் ரஹ்மான் வீசிய 18-ஆவது ஓவரில் விஜய் சங்கர் தொடர்ந்து நான்கு பந்துகளில் மட்டையை வீசினார், ஒன்றும் படவில்லை. அந்த ஓவரில் கிடைத்தது ஒரே ஓட்டம், அதுவும் காலில் பட்டுப் போனது. கடைசிப் பந்தில் மணீஷ் பாண்டே ஆட்டமிழந்தார். இரண்டு ஓவரில் 34 தேவை.

கார்த்திக் உள்ளே வந்தார். தம்மை ஆறாவதாக இறக்கவில்லை என்று அவருக்கு வருத்தம் இருந்ததையும், கடைசி மூன்று நான்கு ஓவர்களுக்கு அவர் தேவை என்பதாலேயே நிறுத்தி வைத்ததையும் அணித்தலைவர் ரோகித் சர்மா பின்னர் சொன்னார். ருபெல் ஹுசைன் வீசிய 19-ஆவது ஓவர் இப்படிப் போனது: 6, 4, 6, 0, 2, 4. மொத்தம் 22. கடைசி ஓவரில் 12 தேவை. விஜய் சங்கர் ஒரு நான்கு அடித்துவிட்டு ஆட்டமிழந்தார். கடைசிப் பந்தில் ஐந்து வேண்டும். சௌம்ய சர்க்காரின் பந்து எக்ஸ்ட்ரா கவர் திசையில் தாழப் பறந்து எல்லையைக் கடந்தது. எட்டுப் பந்தில் 29.

ஒருவர் வீரர், மற்றவர் கேலிப்பொருள். சமூக ஊடகங்கள் அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டன. விஜய் சங்கர் எடுத்தது 19 பந்தில் 17. அந்த நான்கு பந்துகளில் ஒன்று மட்டையின் விளிம்பில் பட்டு எல்லைக்குப் போயிருந்தால் தீர்ப்பு என்னவாகியிருக்கும்?

ரோகித் சர்மாவின் முடிவை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் கார்த்திக்கிடம் காட்டியது வெறும் பொறுமை அல்ல. "நீ எதற்காக இங்கே இருக்கிறாய்" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது: கடைசி ஓவர்கள். பல ஆண்டுகளாகத் தொடக்க ஆட்டக்காரர், நடுவரிசை ஆட்டக்காரர், மாற்றுக் காப்பாளர் என்று ஓட்டைகளை அடைக்கப் பயன்பட்டவருக்கு, ஒரு வேலை, ஒரே வேலை கொடுக்கப்பட்டது. அந்த வேலைக்குத்தான் அவர் தம்மைத் தீட்டிக்கொண்டிருந்தார். மும்பை ஆட்டக்காரர் அபிஷேக் நாயருடன் சேர்ந்து பயிற்சி முறையையே மாற்றிக்கொண்ட பிறகு, 2016-17 விஜய் ஹசாரே கிண்ணத்தில் 607 ஓட்டங்கள் எடுத்து முதலிடம் பிடித்தார். அந்தக் கிண்ணத்தைத் தமிழ்நாடு வென்றது. அணித்தலைவர் வேறு யாருமல்ல, விஜய் சங்கர்.

பத்து வாய்ப்பில் ஒன்றுமில்லை என்றால்?

கணக்கை இன்னும் தெளிவாகக் காட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் பேஸ்பால். இங்கே பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும்.

அமெரிக்க மேஜர் லீக்கில் 2020 முதல் ஓர் அணியின் பட்டியலில் 26 பேர். அதில் பந்தெறிபவர்கள் 13 பேர் என்று வைத்தால் மீதி 13. மட்டை பிடிக்கும் வரிசையில் ஒன்பது பேர். ஆக, பெஞ்சில் நால்வர். ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது என்பது விதி. ஆகவே பெஞ்சில் இருப்பவரைக் கடைசி வரை பிடித்து வைப்பார்கள். இரண்டரை மணி நேரம் குளிர்ந்து உட்கார்ந்திருந்தவர், அப்போதுதான் புதிதாக வந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிபவரை ஒரே ஒருமுறை எதிர்கொள்ள வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு ஒரு வாரம் கழித்து.

அந்த விளையாட்டில் நான்கு முறையில் ஒரு முறை வெற்றியாக அடிப்பவர் பெஞ்சுக்குப் போதுமான ஆட்டக்காரர். அப்படிப்பட்டவர் தொடர்ந்து பத்து முறை தோற்பதற்கு எவ்வளவு வாய்ப்பு? நான்கில் மூன்று என்பதைப் பத்து முறை பெருக்கினால் விடை கிடைக்கும்: நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு. சிறியதாகத் தெரியலாம். ஆனால் அதே தரத்தில் பத்து பேர் வெவ்வேறு அணிகளின் பெஞ்சுகளில் இருந்தால், அவர்களில் ஒருவராவது இப்படி வெறுங்கையோடு நிற்பதற்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாய்ப்பு உண்டு. திறமை குறையவே இல்லை, எண்ணிக்கைதான் போதவில்லை. நாள்தோறும் ஆடுபவருக்கு அந்தப் பத்துத் தோல்வியும் மூன்று நாளில் மறக்கப்படும். பெஞ்சில் இருப்பவருக்கு அது இரண்டு மாதத்து வரலாறு.

நம் காற்பந்துத் திடலுக்கும் இது பொருந்தும். பத்து நிமிடம் ஆடுபவரின் காலில் பந்து நாலைந்து முறைதான் படும். அதில் இரண்டைத் தவறவிட்டால் "பாதி ஆட்டமும் தவறு" என்றாகிவிடுகிறது. தொண்ணூறு நிமிடம் ஆடுபவர் பத்துப் பந்தைத் தவறவிட்டாலும் யாரும் எண்ணுவதில்லை.

பெயருக்குத் தகுந்த பொறுமை

பொறுமை எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதும் இல்லை. 2019 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஷேன் வாட்சன் ஆட்டத்துக்கு ஆட்டம் தடுமாறினார். அணி அவரை மாற்றவில்லை. ஏப்ரல் 23 அன்று ஐதராபாத்துக்கு எதிராக 96 அடித்தார். இறுதியாட்டத்தில் முழங்காலில் இரத்தம் வழிய 80 எடுத்தார். சென்னை ஒரே ஓட்டத்தில் தோற்றாலும் அந்தப் பொறுமையைப் புகழாதவர் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு இறுதியாட்டத்தில் 117 எடுத்தவர் அவர். வங்கியில் பணம் இருந்தது, எடுத்துச் செலவழித்தார்கள். பெஞ்சில் இருப்பவருக்குக் கணக்கே திறக்கப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சரி, அப்படியென்றால் தடுமாறும் எவரையும் நீக்கவே கூடாதா? பொறுத்தார் பூமியாள்வார் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? கார்த்திக்கின் கதையே அதற்கும் பதில் வைத்திருக்கிறது.

எட்டாண்டு கழித்து டெஸ்ட் அணிக்குத் திரும்பியவர், 2018 ஆகஸ்டில் இங்கிலாந்தில் இரண்டு டெஸ்ட் ஆடினார். நான்கு முறை மட்டை பிடித்து எடுத்தவை 0, 20, 1, 0. மொத்தம் 21. மூன்றாவது டெஸ்டில் 20 வயது ரிஷப் பந்த் இறக்கப்பட்டார். பந்த் அதே தொடரில் ஓவல் மைதானத்தில் சதம் அடித்தார். நான்கு இன்னிங்ஸ் குறைவுதான், மேலே சொன்ன கணக்கின்படி அநீதிதான். ஆனால் வெளியே காத்திருந்தவர் யார் என்பதும் கணக்கில் சேரும். 33 வயதானவரிடம் காட்டும் பொறுமை, 20 வயதானவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அந்த முடிவு சரியானது என்றே இன்று சொல்ல வேண்டும்.

2019 உலகக் கிண்ண அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக 25 பந்தில் 6. அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். 2021-இல் அவர் வர்ணனையாளர் அறையில் இருந்தார். 2022 ஐபிஎல்லில் பெங்களூரு அணி அவரை ஐந்தரைக் கோடி ரூபாய்க்கு எடுத்து, மறுபடியும் அதே ஒற்றை வேலையைக் கொடுத்தது. 330 ஓட்டங்கள், நூறு பந்துக்கு 183 என்ற வேகம். ஜூனில் ராஜ்கோட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்தில் 55. தமது முதல் அனைத்துலக டி20 ஆட்டத்துக்கு 16 ஆண்டுகள் கழித்து முதல் அரைச்சதம். அந்த ஆண்டு டி20 உலகக் கிண்ணத்தில் மறுபடியும் தடுமாற்றம்: 1, 6, 7. அரையிறுதியில் இடமில்லை. இந்தியாவுக்காக 180 ஆட்டங்கள் ஆடியவரின் கதை, ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்து எங்கும் ஒரு நேர்க்கோடாக அமையாமல் முடிந்தது.

காத்திருப்பு வேறு, பொறுமை வேறு

தமிழில் இந்த இரண்டு சொற்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்துகிறோம். பேருந்துக்கும் காத்திருக்கலாம், அதில் காத்திருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பெஞ்சில் அது நடக்காது.

வருண் சக்கரவர்த்தியைப் பாருங்கள். கட்டடக் கலை படித்துவிட்டுப் பந்துவீச வந்தவர். 2021 டி20 உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டம், ஒரு விக்கெட்கூட இல்லை. நீக்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் அழைப்பில்லை. அந்தக் காலத்தில் அவர் பந்தைச் சுழற்றும் முறையையே மாற்றினார். பக்கவாட்டில் சுழன்ற பந்தை, மேலிருந்து முன்னோக்கிச் சுழன்று எழும் பந்தாக மாற்றிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 2024 அக்டோபரில் குவாலியரில் திரும்பிய ஆட்டத்தில் மூன்று விக்கெட். 2025 மார்ச் 2 அன்று துபாயில், சாம்பியன்ஸ் கிண்ணத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். ஒரு வாரத்தில் இந்தியா கிண்ணத்தை வென்றது.

வருணிடம் தேர்வாளர்கள் பொறுமை காட்டவில்லை, நீக்கத்தான் செய்தார்கள். அதுவும் அவருக்கு நன்மையாக முடிந்தது என்று வாதிடலாம். ஆனால் நீக்கப்பட்டவருக்கு ஆடுவதற்கு ஓர் இடம் இருந்தது. தமிழ்நாடு அணி, ஐபிஎல் அணி, டிஎன்பிஎல். விழுந்தவர் விழுந்த இடத்தில் தரை இருந்தது. விஜய் சங்கருக்கும் அப்படித்தான்: கொழும்புக்கு அடுத்த ஆண்டே உலகக் கிண்ண அணியில் இடம் பெற்றார், பாகிஸ்தானுக்கு எதிராகத் தாம் வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார், கால்விரல் காயத்தோடு திரும்பினார். 2023 ஐபிஎல்லில் குஜராத்துக்காக 24 பந்தில் 63.

நம் ஊரில் அந்தத் தரை எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாறிய பிறகு, திடலோடு சேர்ந்து தோட்டத்து அணிகளும் பல இடங்களில் கரைந்துபோயின. முன்பெல்லாம் முதல் அணியில் இடமில்லாதவர் இரண்டாம் அணியில் ஆடுவார். இன்று பல மன்றங்களுக்கு ஒரே அணிதான். பள்ளிப் போட்டிகளில் 18 வயதுப் பிரிவோடு கதவு மூடிவிடுகிறது. அதற்குள் பெஞ்சிலிருந்து எழாதவர் பெரும்பாலும் வேலைக்குப் போய்விடுகிறார். விளையாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆகவே மன்றப் பொறுப்பாளர்கள் முன்னால் இருக்கும் கேள்வி "இவனிடம் இன்னும் எத்தனை வாரம் பொறுப்பது" என்பதைவிடச் சற்றுப் பெரியது. அவனுக்கு என்ன வேலை என்று யாராவது சொன்னார்களா? "போய் ஆடு" என்பது வேலை ஆகாது. "கடைசிப் பதினைந்து நிமிடம், வலப்புறம், அவர்களுடைய தற்காப்பு ஆட்டக்காரர் களைத்திருப்பார், அவரைக் கடந்து ஓடு" என்பது வேலை. பயிற்சியில் அவன் முன்னேறுகிறானா என்று யாராவது குறித்து வைக்கிறார்களா? ஆட்டத்தில் கிடைக்கும் நாலைந்து பந்துகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வாரம் இரண்டு நாள் பயிற்சியை வைத்து முடியும். பயிற்சியிலும் தேயத் தொடங்கினால், மாற்றமே தெரியாவிட்டால், அப்போது முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. சொல்லாமல் பெஞ்சிலேயே வைத்திருப்பதைப் பொறுமை என்று அழைப்பது வசதியான பொய்.

பெற்றோர் பங்கும் உண்டு. கோட்டுக்கு வெளியே எழும் அந்த முதல் குரல் பல நேரங்களில் பயிற்றுநருடையது அல்ல.

கார்த்திக் 2024 ஜூன் 1 அன்று, தமது 39-ஆவது பிறந்தநாளில், எல்லா வகை ஆட்டங்களிலிருந்தும் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அடுத்த பருவத்தில் பெங்களூரு அணியின் மட்டைப் பயிற்றுநர் ஆனார். அந்த அணியில் அவர் பார்த்த விக்கெட் காப்பாளர், கடைசி ஓவர் வேலை இரண்டையும் எடுத்துக்கொண்டவர் ஜித்தேஷ் சர்மா. அவரும் வெவ்வேறு அணிகளின் பெஞ்சுகளில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவர். 2025 மே 27 அன்று லக்னோவில் 228 என்ற இலக்கைத் துரத்தியபோது ஜித்தேஷ் 33 பந்தில் ஆட்டமிழக்காமல் 85 எடுத்தார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 3 அன்று, பெங்களூரு 18 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு முதல் முறையாகக் கிண்ணத்தை வென்றது.